சுவரில் தொங்கும் ஆசிரியர்

தொழிற்சாலைகளில் மெயின் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் சட்டமிட்ட படம் ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சிவப்பு எழுத்தில் மின் அதிர்ச்சிக்கு முதலுதவி என்ற தலைப்பு. கீழே ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் பொடி எழுத்து. நடுவில், தரையில் கிடக்கும் ஒருவர் மேல் இன்னொருவர் குனிந்திருக்கும் ஓவியங்கள். தாம்பரம் சானடோரியத்தின் ஏற்றுமதி வளாகம், குரோம்பேட்டை, பல்லாவரம் பட்டறைகள், திருமுடிவாக்கம், பெருங்குடி தொழிற்பேட்டைகள் என எங்கு சென்றாலும் இதன் ஏதேனும் ஒரு பதிப்பைக் காணலாம். கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களிலும் இது உண்டு.

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகங்களையும் திரைப்படங்களையும் விமர்சிக்கிறோம். இந்த ஒரு பக்க நூலுக்கும் ஒரு மதிப்புரை வேண்டாமா? கடைசல் இயந்திரத்தில் நிற்பவர், பற்றவைப்பவர், சித்தாள், துப்புரவுப் பணியாளர், உணவுக்கூட உதவியாளர் ஆகிய மின் தொழில் படிக்காத உழைப்பாளிகளுக்கு மின்சாரம் பற்றிக் கிடைக்கும் ஒரே பாடம் பெரும்பாலும் இந்தப் படம்தான். மின்சாரம் தாக்கி இறப்போர் தொகை நம் நாட்டில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. ஆகவே, சுவரில் தொங்கும் இந்த ஆசிரியர் எதைக் கற்பிக்கிறார், யாருக்குக் கற்பிக்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்ப்போம்.

படத்தின் சிறப்பு

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுவோம். படத்தின் முதல் கட்டளை சரியானது: மின்சாரத்தை நிறுத்து, அடிபட்டவரை வெறுங்கையால் தொடாதே. இதில் நல்ல இயற்பியல் அடங்கியிருக்கிறது. மின்சாரம் தாக்கியவரின் உடல் அப்போது மின்சுற்றின் ஒரு பகுதி. அவரைப் பிடிப்பவரின் உடல் நிலத்துக்குச் செல்லும் இன்னொரு வழியாகிவிடும். அப்படித்தான் ஒரு விபத்து இரண்டு விபத்தாகிறது. தம்பியைக் காப்பாற்றப் போன அண்ணனும் மாண்டான் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அவன் பாசத்தில் குறையில்லை. யாரும் அவனுக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை.

மின்சாரம் பிடித்து இழுக்கிறது என்று நம் மக்கள் சொல்வார்கள். உண்மையில் இழுப்பது மின்சாரம் அன்று, நம் தசையே. வினாடிக்கு 50 முறை திசை மாறித் திரும்பும் மின்னோட்டம் முன்கைத் தசைகளை இறுக்குகிறது. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலிமை மிக்கவை. ஆகவே கை கம்பியை இறுகப் பற்றிக்கொள்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற மின் பொறியியல் பேராசிரியர், விரும்பி முன்வந்த 134 ஆண்களிடமும் 28 பெண்களிடமும் இதைச் சோதித்தார். கையை விடுவித்துக்கொள்ள முடிந்த மின்னோட்டத்தின் உச்ச அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு வரம்பு குறைவு என்பதை நினைவில் கொள்ளுங்கள். நம் கட்டட வேலைகளில் ஈரக் கலவை சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நான் கண்ட படங்களிலோ பெண் உருவம் ஒன்றுகூட இல்லை.

நுரையீரலைக் கண்டது, இதயத்தைக் காணவில்லை

பாராட்டு இங்கே முடிகிறது. அடுத்து வரும் சிகிச்சை ஓவியங்களைப் பாருங்கள். பழைய பதிப்புகளில் அடிபட்டவர் குப்புறக் கிடக்கிறார். உதவுபவர் மண்டியிட்டு முதுகின் கீழ்ப்பகுதியை அழுத்துகிறார். இது எட்வர்டு ஷேபர் 1903-இல் நீரில் மூழ்கியவர்களை மனதில் கொண்டு வகுத்த முறை. சிலவற்றில் மல்லாக்கக் கிடப்பவரின் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மடக்கி, மார்பில் அழுத்துகிறார்கள். இது அதற்கும் முந்திய சில்வெஸ்டர் முறை. 1858-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்னும் சிலவற்றில் 1932-இல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் சொன்ன முறை. சற்றுப் புதிய பதிப்புகளில் வாயோடு வாய் வைத்து ஊதும் முறை சேர்ந்திருக்கிறது.

இந்த முறைகள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூச்சு நின்றவருக்கு மூச்சைத் தர முயல்கின்றன; இதயத்தை மறந்துவிடுகின்றன.

மின்சாரம் எப்படிக் கொல்கிறது? சுமார் 1 மில்லி ஆம்பியர் கூச்சமாக உணரப்படும். 20, 30 மில்லி ஆம்பியரில் மார்புத் தசைகள் இறுகி மூச்சு திணறும். 50 முதல் 100 மில்லி ஆம்பியரும் அதற்கு மேலும் மார்பின் வழியாக ஒரு வினாடி அளவு பாய்ந்தாலே இதயத்தின் கீழறைகள் ஒழுங்கை இழக்கக்கூடும். தசை நார்கள் ஒன்றாகச் சுருங்காமல் தனித்தனியே துடிக்கின்றன. தாளம் தப்பிய மேளக்காரர் கூட்டம்போல் சத்தம் உண்டு, இசை இல்லை. இதயம் நடுங்குகிறது, இரத்தம் ஓடுவதில்லை. இந்த நிலையில் நுரையீரலுக்கு எவ்வளவு காற்றைக் கொடுத்தாலும் அதை மூளைக்கு எடுத்துச் செல்ல ஆள் இல்லை.

இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் மின் பொறியாளர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவென்ஹோவன் என்ற மின் பொறியியல் பேராசிரியர், மின்கம்பி ஊழியர்கள் தாக்குண்டு இறப்பதைத் தடுக்க மின் நிறுவனங்கள் அளித்த பொருளுதவியோடு பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே கையால் அழுத்தி இரத்தத்தை ஓட வைக்க முடியும் என்று அவரும் ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோரும் 1960-இல் அறிவித்தார்கள். மின் ஊழியருக்காகவே பிறந்த சிகிச்சை அது. அது இன்று உலகெங்கும் மாரடைப்பு நோயாளிகளைக் காக்கிறது. மின் அறையின் சுவரில் தொங்கும் பழைய படத்துக்கோ அது இன்னும் வந்து சேரவில்லை.

இன்றைய முறை எளிமையானது. 2017-இல் இந்திய மயக்கவியல் வல்லுநர்கள் மருத்துவம் படிக்காத பொதுமக்களுக்கென்றே மார்பை மட்டும் அழுத்தும் உயிர்காப்பு முறையை வகுத்தார்கள். மின்சாரத்தை நிறுத்திய பின், நினைவும் இயல்பான மூச்சும் இல்லாதவரை மல்லாக்கக் கிடத்தவேண்டும். மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும் அழுத்தவேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கவேண்டும். மூச்சு ஊதப் பயிற்சி பெற்றவர் இருந்தால், 30 அழுத்தத்துக்கு 2 முறை ஊதலாம். இதயத்தின் நடுக்கத்தை நிறுத்தி மீண்டும் தாளத்துக்குக் கொண்டுவர டிஃபிபிரில்லேட்டர் கருவி வேண்டும். அது வரும்வரை மூளையை உயிரோடு வைத்திருப்பது இந்தக் கைகளே. அழுத்தமும் இல்லாமல் கருவியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டை எடுத்துச் சென்றுவிடும்.

யாருக்காக எழுதப்பட்டது?

இந்தப் படம் தொங்குவதற்குச் சட்டமே காரணம். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 44-ஆம் விதி, மின் நிலையங்களிலும் மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலைகளிலும் இந்தக் குறிப்புகளை ஆங்கிலம் அல்லது இந்தியிலும், மாவட்ட மொழியிலும் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொன்னது. மாவட்ட மொழி என்று எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நாம் போற்ற வேண்டும். 2010-இல் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் அந்த விதிகளின் இடத்துக்கு வந்தபோதும் இக்கடமை தொடர்ந்தது.

ஆனால் அதே 44-ஆம் விதியில் அடுத்து வரும் ஒரு வரியைக் கவனியுங்கள். படத்தை எல்லாரும் பார்க்கலாம். அதன்படி செயல்படும் திறமை உண்டா என்பதை உரிமையாளர் உறுதி செய்ய வேண்டியது யாரிடம் தெரியுமா? அதிகாரம் அளிக்கப்பட்ட ஊழியர்களிடம் மட்டுமே. அதாவது மின் பணிக்கென நியமிக்கப்பட்டவர்களிடம். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாளர் சான்றிதழ் வைத்திருப்பவருக்குப் பயிற்சி. அவருக்குப் பக்கத்தில் ஈரத்துணியோடு தரை துடைப்பவருக்குப் படம்!

மின் அறையில் விபத்து நேர்ந்தால் முதலில் ஓடி வருபவர் யார்? சான்றிதழ் பெற்றவர் ஒருவர்தான் இருப்பார். அடிபட்டுக் கிடப்பவரே அவராகவும் இருக்கலாம். ஓடி வருபவர் பெரும்பாலும் அந்தத் துப்புரவுப் பணியாளரோ, காவலரோ, இயந்திரக்காரரோதான். காப்பாற்ற வேண்டியவருக்குப் பயிற்சி இல்லை. 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, எல்லாத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கும் தேவையான தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. எல்லா என்ற அந்தச் சொல் மின் அறைக் கதவு வரை வந்து நின்றுவிட்டது.

மொழிக்கும் ஒரு வார்த்தை. இன்று பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் எழும் கட்டடங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்தவர் ஏராளமாக வேலை செய்கின்றனர். ஆங்கிலமும் தமிழும் மட்டும் அச்சிட்ட படம் சட்டத்துக்குப் போதும், அவர்களுக்குப் போதாது.

சொல்லாமல் விட்டவை

மேலே சொன்ன குறைகளைப் புதிய பதிப்பு ஒன்றால் திருத்திவிடலாம். பெரிய குறை வேறு. இந்தப் பாடம் விபத்துக்குப் பிறகு தொடங்குகிறது. விழுந்தவனைத் தூக்குவது எப்படி என்று சொல்கிறது. விழாமல் இருப்பது எப்படி என்று ஒரு வரி இல்லை. மின்சாரம் படிக்காத தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று: அளவு, தூரம், எல்லை.

முதலாவது, அளவு. பியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆகவே பயமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு எடுக்கும் மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியர் அளவில். அந்தச் சிறு விளக்கை எரியவைக்கும் மின்னோட்டமே மனிதனை மூச்சுத் திணற வைக்கும். 5 ஆம்பியர் பியூஸ் உருக வேண்டுமானால் 5000 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். நனைந்த உடலின் தடை சுமார் 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். மனிதன் இறப்பான், பியூஸ் போகாது. பியூஸ் கம்பியைக் காப்பதற்கு. ஆளைக் காப்பதற்கு அன்று. ஆளைக் காக்க வந்தது கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம். உள்ளே போன மின்னோட்டத்துக்கும் திரும்பி வந்ததற்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் அது விழுந்துவிடும். மேலே கண்ட 230 மில்லி ஆம்பியர் கசிவானால் 0.04 வினாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது அதன் தரம். அதில் ‘டெஸ்ட்’ என்றொரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். கட்டட வேலையில் கட்டிங் மெஷின் பிடிக்கும் தொழிலாளி, வேலை தொடங்குமுன் அந்தப் பொத்தானை அழுத்தக் கற்றிருந்தால், ஒயர் முனையைச் சீவி பிளக் துளையில் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டால், பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டாவது, தூரம். படத்தில் எல்லாரும் கையால் கம்பியைத் தொடுகிறார்கள். வாழ்க்கையில் பல வேளைகளில் தொடுவது கை அன்று. கையில் உள்ள நீளமான பொருள். சாரத்துக்கான குழாய், கம்பி கட்டுபவரின் முறுக்குக் கம்பி, வண்ணம் பூசுபவரின் அலுமினிய ஏணி. 1956-ஆம் ஆண்டு விதிகளின் 80-ஆம் விதி 11,000 வோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே கிடைமட்டத்தில் குறைந்தது 1.2 மீட்டர் விடச் சொன்னது. சேலையூரிலோ மேடவாக்கத்திலோ குறுகிய தெருவில் மாடி மேல் மாடி எழும்போது அதுவும் பல இடங்களில் இராது. இருந்தாலும் அது அசையாத சுவருக்கான கணக்கு. 6 மீட்டர் குழாயைத் தோளில் வைத்துத் திரும்பும் மனிதனுக்கு 1.2 மீட்டர் என்பது ஒரு கணம். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டபோதும் கதை இதுவே: கை எட்டாத இடத்தைப் பொருள் எட்டிவிட்டது.

அமெரிக்காவில் 1990-இல் வந்த பணிப் பாதுகாப்பு விதி இதைத் தெளிவாகக் கண்டது. மின் தகுதி இல்லாதவர், அவர் மட்டுமல்ல, அவர் கையிலுள்ள மின்கடத்தும் பொருளில் மிக நீளமானதும், 50,000 வோல்ட் வரையுள்ள மேல்நிலைக் கம்பிக்கு 10 அடிக்குள் வரக்கூடாது என்றது. மின்சாரம் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரியும் விதி. அவர் அறிய வேண்டியது பத்து அடி என்ற எண் ஒன்றே.

மூன்றாவது, எல்லை. இதற்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போனால் போதும். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. அன்று 1500 வோல்ட் நேர்மின்சாரம். 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாறியது. அந்தக் கம்பியின் கீழே தண்டவாளம் சரிசெய்யும் தொழிலாளர்கள் மின் பொறியாளர்கள் அல்லர். ஆயினும் அவர்களுக்கான விதி ஒன்று உண்டு: உடலோ கருவியோ உயிருள்ள கம்பிக்கு 2 மீட்டருக்குள் போகக்கூடாது. போக வேண்டிய வேலையாயின், மின்சாரத்தைத் துண்டித்து, கம்பியைப் பூமியோடு இணைத்து, தகுதியுள்ளவர் எழுத்து மூலம் அனுமதி தந்த பின்னரே தொடங்கலாம். நிறுத்தியாயிற்று என்று யாரோ வாயால் சொல்வது அங்கே செல்லாது. அந்தத் தண்டவாளத்துக்கு அப்பால் அரை மைல் தூரத்தில் வீடு கட்டும் கொத்தனாருக்கு இப்படி ஒரு வரியை யாரும் சொல்வதில்லை.

எல்லை என்பதில் இன்னொன்றும் அடங்கும். உலர்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடலாம் என்று படம் சொல்கிறது. 230 வோல்ட்டுக்கு அது சரி. தெருவில் அறுந்து கிடக்கும் 11,000 வோல்ட் கம்பிக்கு அது சாவை விலைக்கு வாங்குவது. அங்கே விழுந்த இடத்தைச் சுற்றித் தரையிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். நடப்பவரின் ஒரு பாதத்துக்கும் மறு பாதத்துக்கும் இடையே வேறுபாடு தோன்றி உடலில் மின்னோட்டம் பாயும். தள்ளி நின்று மற்றவரையும் தடுத்து, மின்வாரியத்துக்குச் சொல்வதே அங்கே முதலுதவி. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது போன்ற வெள்ளத்தில், நீர் இறைக்க மோட்டாரோடு இறங்கும் கூலியாட்களுக்கு இந்த வேறுபாடு தெரியாதிருப்பது கொடுமை.

ஓர் ஆட்சேபம்

அரைகுறையாகக் கற்பித்தால் எல்லாரும் ஒயர்மேன் ஆகிவிடுவார்கள். ஆகவே தொடாதே என்று மட்டும் சொல்வதே நல்லது என்று சில மேலாளர்கள் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. டெஸ்டர் ஒன்றைச் சட்டைப் பையில் செருகியதும் தன்னை எலெக்ட்ரீஷியனாக எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் தொடாதே என்ற சொல் போதாது. கான்கிரீட் கலக்கும் இயந்திரத்தைத் தொடாமல் கலவை போட முடியுமா? அரவை இயந்திரத்தைத் தொடாமல் மாவரைக்க முடியுமா? அவர்களுக்குச் சுற்று வரைபடம் வேண்டாம். தம் கைக்கு வரும் இயந்திரத்தில் எதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் கூலி போகாது என்ற உறுதி, இவையே வேண்டும். வீதியைக் கடக்கக் கற்ற குழந்தை லாரி ஓட்டக் கிளம்புவதில்லை.

எப்படி இருக்க வேண்டும்?

ஆகவே நம் மதிப்புரையின் முடிவு இதுதான். படத்தைக் கழற்ற வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். மின் அறைக்குள் சிகிச்சைப் படம் இருக்கட்டும். அதில் குப்புறக் கிடப்பவர் எழுந்து மல்லாக்கப் படுக்கட்டும், மார்பழுத்தமும் 108-உம் இடம் பெறட்டும், ஒரு பெண் உருவமும் வரட்டும். இன்னொரு படம் தொழிலாளர் நுழையும் வாயிலில், சாப்பிடும் இடத்தில், சாரத்தின் அடியில் தொங்கட்டும். பெரிய எழுத்தில், அங்கே வேலை செய்வோர் படிக்கும் மொழிகளில் ஐந்தே வரி போதும்: மேலே கம்பி உண்டா என்று பார், பத்து அடி விலகு, தோல் உரிந்த ஒயர், எர்த் இல்லாத பிளக் இருந்தால் வேலையை நிறுத்து, காலையில் ஆர்.சி.சி.பி. பொத்தானை அழுத்து, மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்துகொள், சந்தேகமானால் இன்னாரிடம் சொல்.

படத்தோடு ஆண்டுக்கு இருமுறை ஓர் அரை மணி நேரமும் வேண்டும். மார்பை அழுத்துவதைப் படம் பார்த்துக் கற்க முடியாது. நீந்துவதைப் போல அது கைக்கு வர வேண்டிய வித்தை. பயிற்சிப் பொம்மை இல்லாவிட்டால் கெட்டியான தலையணையே போதும். துப்புரவுப் பணியாளரிலிருந்து மேலாளர் வரை ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்கட்டும்.

வாசகர்களே, நாளை நீங்கள் வேலைக்குச் செல்லும் இடத்தில் அந்தப் படத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கிடப்பவர் குப்புறக் கிடக்கிறாரா, மல்லாக்கக் கிடக்கிறாரா என்று பாருங்கள். பிறகு, அந்த அறையைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் மெயின் சுவிட்ச் எது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், காட்டிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.